நூல் போல ஒரு கோடு

பழுது பார்க்க வந்தவர் முதல் இருபது நிமிடம் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு, திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

"அக்கா, கார்டைக் கழட்டிப் பாக்கலீங்களா?"

"அது என்ன பண்ணுதுன்னே இன்னும் தெரியலீங்களே தம்பி. அதுக்குள்ள கழட்டி என்ன பண்றது?"

எங்கள் பக்கத்தில் அவரை எல்லோரும் சிஸ்டம் அக்கா என்பார்கள். அவருடைய பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுதவில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது என்று தோன்றுகிறது.

நான் பனியன்களுக்குப் பிரிண்ட் டிசைன் போடுகிறவன். அவிநாசி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், நிட்டிங் கம்பெனி ஒன்றின் மாடியில் என் அறை. கீழே வட்ட வட்ட மெஷின்களில் துணி பின்னுகிறார்கள். அங்கிருந்து கிளம்பும் பஞ்சு மாடிப்படி ஏறி என் மேஜைக்கும் வந்துவிடும். முன்பெல்லாம் டிசைனைத் துணியில் அடித்து, சட்டையாகத் தைத்து அனுப்பினால்தான் ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர் ஒப்புக்கொள்வார். இப்போது திரையிலேயே ஒரு பொம்மைக்குச் சட்டையை மாட்டி, சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும். பழைய கம்ப்யூட்டரில் பொம்மை நகரவே நகராது. அதற்காகத்தான் புதிய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கி நானே மாட்டினேன். மாட்டிய பிறகும் பொம்மை பழையபடியே திணறியது. வெள்ளிக்கிழமை மதியம் பையரோடு வீடியோ மீட்டிங். அக்காவைக் கூப்பிட்டது செவ்வாய்க்கிழமை.

இருபது நிமிடம் கழித்து எழுந்தவர் பெட்டியின் பின்பக்கம் குனிந்து பார்த்தார். ஒரு கேபிளைப் பிடுங்கி வேறு இடத்தில் செருகினார். மானிட்டர் கேபிளை நான் பழைய சாக்கெட்டிலேயே விட்டிருந்தேன். புதுக் கார்டு உள்ளே சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறது. அவர் சிரிக்கவில்லை. "பலபேரு பண்றதுதானுங்க" என்றார்.

பொம்மை இப்போது வேகமாகச் சுற்றியது. கூடவே ஒரு புதுத் தொல்லையும் வந்தது. சுற்றிக்கொண்டிருக்கும்போதே திரையில் பச்சையும் ஊதாவுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் தெறித்தன. ஒரு தடவை திரை முழுக்க இருண்டு திரும்ப வந்தது.

"முன்னாடி மெதுவா இருந்தாலும் ஒழுங்கா இருந்துச்சுங்க. இப்பக் கெட்டுப்போச்சு" என்றேன். நீங்கள் கெடுத்துவிட்டீர்கள் என்று வாய்வரை வந்தது.

"இப்பத்தானுங்க கார்டு வேலை செய்ய ஆரம்பிச்சிருக்குது. வேலை செஞ்சாத்தான் கோளாறு வெளிய தெரியும்."

மொத்தம் மூன்று நாட்கள் வந்தார். ஒரு நாளைக்கு ஒரு காரியம்தான். செவ்வாய்க்கிழமையே பழைய கார்டின் டிரைவர் சாப்ட்வேர் மிச்சங்களை எல்லாம் வழித்தெடுத்துப் புதிதாகப் போட்டார். கட்டங்கள் போகவில்லை. புதன்கிழமை கார்டைக் கழற்றி, அது உட்காரும் பள்ளத்தில் அடைந்திருந்த பஞ்சை ஒரு பிரஷால் தட்டிவிட்டு மறுபடி அழுத்தி மாட்டினார். அப்போதும் போகவில்லை. நான் பொறுமை இழந்தேன்.

"எல்லாத்தையும் ஒரே மூச்சுல மாத்திப்போட்டா என்னங்க்கா?"

"மாத்தினாச் சரியாப் போயிருங்க. எது கெட்டிருந்துச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியாது. அப்புறம் அது மறுபடியும் வரும். ஒரு சமயத்துல ஒண்ணைத்தான் மாத்தோணும். மாத்திப்போட்டு உக்காந்து பாக்கோணும்."

வியாழக்கிழமை காலை முழுக்க எதையும் மாற்றவில்லை. ஒரு நோட்டில் நேரத்தை எழுதிக்கொண்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார். காலை டீ இடைவேளை முடிந்து கீழே மெஷின்கள் எல்லாம் ஒன்றாக ஓட ஆரம்பித்ததும் கட்டங்கள் தெறித்தன. பேனாவை மூடிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். மெஷின்களுக்கு நடுவில் போய் நின்று, மேலே மங்கி எரிந்த டியூப்லைட்டைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் அதேபோல ஆயிற்று. மெஷின்கள் கிளம்பும் நேரத்தில் கரண்ட் இறங்குகிறது. என் கம்ப்யூட்டரின் பவர் சப்ளையோ ஏழெட்டு வருஷப் பழையது. புதுக் கார்டின் பசிக்கு அதால் தீனி போட முடியவில்லை. அதை மாற்றினார். சாயங்கால டீக்குப் பிறகும் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். வெள்ளிக்கிழமை பொம்மை தடங்கலில்லாமல் சுற்றியது. ஆர்டர் கிடைத்தது.

அப்போது அவருக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். மெலிந்த உடம்பு, கண்ணாடி, எப்போதும் பருத்திச் சுடிதார். அவருடைய அப்பாவும் அம்மாவும் அவிநாசிப் பக்கம் அடுத்தவர் காட்டில் விவசாயக் கூலி வேலை செய்தவர்கள். அவர் பதினாறு வயதில் ஒரு பனியன் கம்பெனியின் ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்தவர். கம்பெனி ஆபீசில் கம்ப்யூட்டர் பழுதாகும்போதெல்லாம் வேலையை விட்டுவிட்டு எட்டி எட்டிப் பார்த்துத் திட்டு வாங்கியதாகச் சொல்லியிருக்கிறார். யாரும் கற்றுக்கொடுத்ததாக அவர் சொல்லிக் கேட்டதில்லை. பிறகு அவர் பழுதுபார்க்காத டிசைன் அறை எங்கள் சந்தில் இல்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கச்சியோடு திருமுருகன்பூண்டியில் இருந்தார்.

எதையும் உட்கார்ந்து பார்த்துவிட்டே சொல்லும் அவருடைய பழக்கம் எல்லோருக்கும் இனிக்கவில்லை. முதலிபாளையத்தில் ஒரு துணிப் பிரிண்டிங் யூனிட். என் டிசைன் அங்கே ஓடிக்கொண்டிருந்ததால் அன்றைக்கு நானும் போயிருந்தேன். பிரிண்டரை ஓட்டும் கம்ப்யூட்டருக்குப் புதிதாகக் கார்டு மாற்றியிருந்தார்கள். அது மணிக்கொரு தரம் திரை முழுக்கக் கோடு கோடாகி நின்றுபோனது. மேனேஜர், அக்காவுக்குச் சொல்லியனுப்பிவிட்டு, அவர் வருவதற்கு முன்பே தீர்ப்பையும் எழுதிவிட்டார். ஆபரேட்டர் ரஞ்சன், ஒடிசாக்காரர், ராத்திரி ஷிப்டில் கேம் ஆடிக் கார்டை எரித்துவிட்டாராம்.

"இவனை இன்னைக்கே அனுப்பிரலாம்னு இருக்கேன். நீங்க எரிஞ்சுபோச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

"பாக்காம எப்படிங்க சொல்றது?"

ரஞ்சன் ஓடி வந்தார். அவருக்குத் தெரிந்த தமிழில், "அக்கா, நான் பண்ணலே, அக்கா. சத்தியம்" என்றார். கண் கலங்கியிருந்தது. பின்னால் ஷெட்டில் அவருடைய மனைவியும் வேலை செய்தார். குடியிருந்ததும் கம்பெனி கொடுத்த அறையில்தான். இவர் போனால் இருவரும் போக வேண்டும்.

அக்கா ஆறுதல் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன்.

"பண்ணலேன்னு எங்கிட்டச் சொல்லாதீங்க. பண்ணியிருந்தா அதையும் நான் சொல்லுவேன்" என்றார். ரஞ்சனின் முகம் வெளுத்துவிட்டது. எனக்கே அது கொஞ்சம் கடுமையாகப் பட்டது.

பொழுது சாயும் வரை பார்த்தார். ஒன்றை மாற்றுவார், பிரிண்டரை ஓடவிடுவார், உட்காருவார். கடைசியில் பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, மூடாமலேயே ஓடவிட்டார். ஒரு மணி நேரமாகியும் நிற்கவில்லை. மூடியை மாட்டினார். நின்றது. மேனேஜரை அழைத்து டார்ச் அடித்துக் காட்டினார். புதுக் கார்டு பழையதைவிட நீளம். மூடும்போது உள்ளே ஒரு வயர் மடங்கி, கார்டின் விசிறியில் போய் இடிக்கிறது. விசிறி சுற்றாமல் கார்டு சூடேறி நின்றுபோகிறது. மாட்டியவர் மேனேஜரின் மச்சான்.

மேனேஜர் ஆபீசுக்குள் போய்விட்டார். வயரைக் கட்டிவிட்டு வெளியே வந்த அக்காவின் காலை ரஞ்சனின் மனைவி வந்து தொட்டார். அக்கா துள்ளிப் பின்வாங்கினார். "வயரு இடிச்சுச்சு, அவ்வளவுதானுங்க" என்றார் என்னிடம், மன்னிப்புக் கேட்பதுபோல. அந்த யூனிட்டிலிருந்து அதற்குப் பிறகு அவரை யாரும் கூப்பிடவில்லை.

இதெல்லாம் அவரைப் பிடித்துப்போன காலம். இனிச் சொல்லப்போவதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முந்திய ஐப்பசி மழையின்போது மறுபடியும் கார்டு மாற்றினேன். இந்தத் தடவை அவரையே வைத்து மாட்டினேன். மாட்டி முடித்து வழக்கம்போலத் திரைமுன் உட்கார்ந்தவர், சிறிது நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, வலது ஓரத்துல கருப்பா ஒரு கோடு. நூல் தொங்கறாப்பல. தெரியுதுங்களா?"

நான் குனிந்து பார்த்தேன். ஒன்றுமில்லை.

"மெல்லிசாத்தான் இருக்குது. அப்பப்ப நகருது பாருங்க. அந்தப் பக்கம் மினுக்குன்னு ஒரு வெளிச்சம் கூட."

என்னிடம் வேலை செய்த பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்கும் தெரியவில்லை. அக்காவின் கண் கூர்மை எங்களுக்குப் பழக்கம் என்பதால், நமக்குத் தெரியாதது அவருக்குத் தெரிகிறது என்றே நினைத்தோம். அன்றைக்குக் கேபிளை மாற்றிவிட்டுப் போனார். மறுநாள் வந்து பக்கத்து மேஜை மானிட்டரை மாற்றி வைத்துப் பார்த்தார். கோடு அப்படியே இருக்கிறது என்றார். எனக்கு வேலை தேங்கிக் கிடந்தது.

"சும்மா இருக்கற கார்டைப் போய் நோண்டறீங்களேக்கா" என்று சிரித்தேன். அவரும் லேசாகச் சிரித்தார்.

மூன்றாம் நாள் புதுக் கார்டைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, பழைய கார்டையே திரும்ப மாட்டினார். திரையை வெறும் வெள்ளையாக்கினார். உட்கார்ந்து பார்த்தார். கேபிள் வேறு, மானிட்டர் வேறு, கார்டும் வேறு. மாற்றுவதற்கு இனி அங்கே எதுவும் பாக்கியில்லை.

தலையை மெல்ல இடப்பக்கம் சாய்த்தார். பிறகு வலப்பக்கம். பிறகு உள்ளங்கையால் இடது கண்ணை மூடினார். கையை எடுத்துவிட்டு வலது கண்ணை மூடினார். மறுபடி இடது கண்ணை. ஒவ்வொரு தடவையும் நிதானமாக, எண்ணுவதுபோல. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. கடைசியாக வலது கண்ணை மூடியவர் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். எனக்குப் புரிந்துவிட்டது. புரியவில்லை என்று பின்னாளில் எனக்கு நானே பலதடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். புரிந்தது.

அவர் கையை எடுத்துவிட்டுத் திரும்பினார். நான் செல்போனைப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் பையருக்கு டிசைன் போயாக வேண்டும்.

"அப்பப் புதுசையே மாட்டிரலாங்களாக்கா?" என்றேன்.

"மாட்டிரலாமுங்க. கார்டு மேல தப்பில்லீங்க."

மாட்டினார். ஒரு ஸ்குரூ கையிலிருந்து நழுவியது. குனிந்து தடவித் தேடினார். அந்தப் பெண்தான் எடுத்துக் கொடுத்தாள். மழை விடட்டும் என்றுகூட நான் சொல்லவில்லை. பையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

பிறகு எனக்கு வேலை நெருக்கடி. எதிர் அறைக்காரர் ஒருநாள், "சிஸ்டம் அக்கா கண்ணாடியப் புதுசா மாத்தியிருக்கறாங்க போல" என்றார். இன்னொருநாள், "வண்டியை விட்டுட்டு பஸ்ஸுல வர்றாங்க" என்றார். ஒரு போன் செய்யலாம் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். செய்யவில்லை. ஒரு மாதம் கழித்து என்னிடம் வேலை செய்த பெண்ணின் கம்ப்யூட்டர் மக்கர் செய்தபோதுதான் கூப்பிட்டேன். எடுத்தது அவருடைய தங்கச்சி.

"அக்கா கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில இருக்குதுங்க. வலது கண்ணுல ஆபரேசன்."

அவர் ஊருக்கு வந்த பிறகு பார்க்கப் போனேன். திருமுருகன்பூண்டியில் வரிசை வீடுகளில் ஒன்று. இரண்டு வீடு தள்ளிச் சிலைப் பட்டறை. உளி விழும் சத்தம் விடாமல் கேட்டது. கருப்புக் கண்ணாடியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என் குரலைக் கேட்டதும் முகத்தைச் சரியாக என் பக்கம் திருப்பினார்.

"வாங்க தம்பி. கார்டு எப்படி ஓடுதுங்க?"

"நல்லா ஓடுதுங்க்கா."

தங்கச்சி டீ கொண்டுவந்து கொடுத்தார். டம்ளரை அக்காவின் கைக்குள் வைத்து விரல்களை மூடிவிட்டார். வலது கண்ணில் பார்வை போய்விட்டது. இடது கண்ணில் சர்க்கரை வியாதியால் ரத்தக் கசிவு. நனைந்த துணி வழியாகப் பார்ப்பதுபோல் இருக்கிறது என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

"டாக்டர் என்ன சொல்றாங்க?"

பதில் சொன்னது தங்கச்சி. அவர் அழுகையும் கோபமுமாக இருந்தார்.

"கண்ணுக்குள்ள திரை மாதிரி ஒண்ணு கிழிஞ்சு உரிஞ்சு வருதாமுங்க. நூலு தெரிஞ்ச அன்னிக்கே வந்திருந்தாக் காப்பாத்தியிருக்கலாம்னாங்க. இது என்ன பண்ணுச்சு தெரியுங்களா? ஊட்டுல உக்காந்து சோதனை பண்ணுச்சு! ஒரு வாரம் கண்ணாடியை மாத்திப் பாத்துச்சு. சரியாகலை. அடுத்த வாரம் சர்க்கரை மாத்திரைதான் காரணம்னு அதை நிறுத்திப் பாத்துச்சு. மூணாவது வாரம் கம்ப்யூட்டர் பாக்கறதை நிறுத்துச்சு. எல்லாத்தையும் நோட்டுல எழுதி வெச்சிருக்குது."

அக்கா டீயை ஒரு வாய் குடித்தார்.

"ஒரு சமயத்துல ஒண்ணுன்னுதான் பாத்தனுங்க. வரிசையில ஆஸ்பத்திரியைக் கடைசியாப் போட்டுட்டேன்" என்றார்.

தங்கச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். பட்டறைச் சத்தம் நின்றிருந்தது. சொல்வதாக இருந்தால் இப்போதுதான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"அக்கா, அன்னிக்கு எங்க ரூமுல நீங்க கண்ணை மூடி மூடிப் பாத்தீங்கள்ல. நான் பாத்துட்டுத்தான் நின்னனுங்க."

"தெரியுங்க தம்பி."

"என்னன்னு எனக்குத் தோணுச்சுங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு அப்பவே கூட்டிட்டுப் போயிருக்கோணும். வேலை அவசரத்துல…"

அவர் கையை நீட்டி டம்ளர் வைக்க இடம் தேடினார். நான் வாங்கி வைத்தேன்.

"நான் திரும்பினப்ப நீங்க போனைப் பாத்தீங்க" என்றார். "பெருசா ஒண்ணும் இருக்காது, இருந்தாத் தம்பி சொல்லுவாரேன்னு நெனச்சேன்."

குரலில் கோபம் இல்லை. பார்த்ததைப் பார்த்தபடி சொல்லும் அதே குரல். என்னால் அங்கே உட்கார முடியவில்லை, எழுந்தேன். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கச் சொல்வார் என்று பார்த்தேன். "மழை வர்றாப்பல இருக்குது. நனையாமப் போங்க" என்றார்.

இடது கண்ணுக்கு இரண்டு தடவை ஊசி போட்டார்கள். பெரிதாகத் தேறவில்லை. தங்கச்சி கல்யாணமாகி உடுமலைக்கு அப்பால் அமராவதி நகர் பக்கம் விவசாயக் குடும்பத்துக்குப் போனார். அக்காவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். பூண்டி வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். என் அறைக்கு இப்போது வருகிறவர் பையில் எல்லாப் பாகங்களோடும் வந்து, பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டுப் போய்விடுகிறார்.

போன மாதம் பழைய பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். மருந்து வாங்கவோ எதற்கோ வந்திருக்க வேண்டும். கையில் மடக்குக் குச்சி. பக்கத்தில் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. இன்னும் மெலிந்திருந்தார். நான் சாம்பிள் மூட்டையோடு எதிர்ப்பக்கம் நின்றிருந்தேன். அப்படியே போய்விடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பிறகு குறுக்கே கடந்து போய், "அக்கா" என்றேன்.

"தம்பிங்களா?" என்றார் உடனே. "நல்லா இருக்கீங்களா? ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா?"

"சௌக்கியமுங்க. எங்கக்கா போகோணும்?"

"உடுமலைக்குப் போயி, அங்கிருந்து மாறோணுமுங்க. பஸ்ஸு வந்தாச் சொல்றீங்களா?"

சேர்ந்து நின்றோம். கொஞ்ச நேரத்தில் பஸ் வந்து நின்றது. நான் போர்டை ஒன்றுக்கு இரண்டு தடவை படித்தேன்.

"இதுதானுங்க்கா உடுமலை பஸ். ஏறுங்க."

"சரிங்க தம்பி" என்று தலையாட்டினார். ஆனால் ஏறவில்லை. குச்சியைக் கை மாற்றிக்கொண்டு மறுபக்கம் திரும்பினார். கூடையோடு ஏறப்போன யாரோ ஓர் அம்மாவின் சேலையை லேசாகத் தொட்டார்.

"ஏனுங்கம்மா, இது எந்த ஊரு பஸ்ஸுங்க?" என்று கேட்டார்.

அந்த அம்மா உடுமலை என்று சொன்ன பிறகுதான் படியில் கால் வைத்தார்.